பாக்கியலக்ஷ்மி இறங்கிய இடம்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மூன்றாம் நாளே சங்கிலிப்பாண்டி கடைக்கு வந்துவிட்டார். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். முப்பத்திரண்டு வருஷமாக ஒரே கடை. அவர் இல்லாத ஒன்றரை மாதமும் மச்சினன் இசக்கிதுரை கடையைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் வந்தவருக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. பேசுவதுதான் வேலை.

பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் போதும், அரிசி மண்டி பரீத் வந்துவிடுவார், சாயாக்கடை சுதீர் அடுப்பைத் தணித்துவைத்துவிட்டு எட்டிப்பார்ப்பான், சுமை இறக்குகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிற்பார்கள். மகள் வீட்டில் துணி காயவைக்கும் மிஷின், பனி, கடையில் தானாகத் திறக்கும் கதவு என்று எல்லாம் சொன்னார். ஆனால் நாலு நாளில் எல்லோரும் கேட்டு வாங்கிய கதை ஒன்றுதான். கேரவன் கதை.

"சினிமாக்காரன் வச்சிருப்பாம்லா, அந்த மாதிரி வண்டி. உள்ளயே கட்டிலு, அடுப்பு, கக்கூஸு, எல்லாம் உண்டு. அஞ்சு நாள் அதுலயே ஊர் சுத்துறோம். ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்துறோம். இவ என்ன செஞ்சா, யார்ட்டயும் சொல்லாமக் கொள்ளாம எறங்கிப் போயிட்டா. நாங்க வண்டிய எடுத்து நூறு மைல் போயாச்சு. படுத்துக் கெடக்கான்னு நெனச்சிக்கிட்டிருக்கோம். பெறகு பதறிப்போய் போலீசுக்குப் போன் பண்ணி, திரும்பி வந்து பாத்தா, மகராசி ஒரு வெள்ளக்காரி கூட ஒக்காந்து ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டிருக்கா."

சிரிப்பு அடங்க நேரமாகும். முதல் தடவை சொன்னபோது ஐஸ்கிரீம் கிடையாது. இரண்டாம் தடவை வந்தது. நாலாம் தடவை ஒரு குதிரையும் தொப்பிக்காரனும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும் சங்கிலிப்பாண்டி சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் இருப்பார். நடந்தது அப்படி அல்ல என்று அவருக்குத் தெரியும். அவரை விட்டால் இன்னொரு ஆளுக்கும் தெரியும்.

நடந்தது இதுதான்.

மகள் மகாவும் மருமகன் விக்கியும் மினியாபோலிஸில் இருக்கிறார்கள். அக்டோபரில் விக்கி கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். வண்டியின் பின்பக்கம் மடக்குக் கதவு போட்ட கட்டில் அறை, நடுவில் சோபா, முன்னால் டிரைவர் சீட்டும் பக்கத்துச் சீட்டும். பக்கத்துச் சீட் முதல் நாளே சங்கிலிப்பாண்டிக்கு என்றாகிவிட்டது. மகாவுக்கு முழு லீவு கிடைக்கவில்லை. சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங் பேசிக்கொண்டே வந்தாள். சங்கிலிப்பாண்டியின் மனைவி பாக்கியலக்ஷ்மி பின்னால் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு கஷ்டம். கக்கூஸ். மருமகப்பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் அட்டை மாதிரி ஒரு கதவு. சர்க்கரை வியாதிக்காரி, அடிக்கடி போகவேண்டும். ஆனாலும் அதற்குள் போகமாட்டாள். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி அங்கே போய்விட்டு வருவாள். அதை மகளிடம் சொல்லவும் கூச்சம். கணவரிடம் மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு ஊருக்குப் போனார்கள். கௌபாய் காலத்து ஊர் என்றான் விக்கி. தெரு முழுக்கப் பலகை வைத்து அடித்த கடைகள், குதிரை கட்டும் கம்பம், கம்பத்தில் குதிரை இல்லை. ஒரு கடையில் பழைய காலத்து உடுப்பு மாட்டிவிட்டு போட்டோ எடுத்தார்கள். சங்கிலிப்பாண்டி தொப்பியும் தோல் கோட்டும் போட்டு, கையில் துப்பாக்கி பிடித்து, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். மகாவும் விக்கியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது பாக்கியலக்ஷ்மி அவர் பக்கத்தில் வந்து, "இது எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டாள். அவள் எதையோ தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியில் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "இருக்கு இருக்கு" என்றார்.

மத்தியானம் பேட்லாண்ட்ஸ் வழியாகப் போனார்கள். உருப்படாத நிலம் என்று அர்த்தமாம், விக்கி சொன்னான். புல் மேடு திடீரென்று அறுந்துபோய், கீழே மண் மண்ணாகக் குன்றுகள். வெள்ளை ஒரு வரி, செம்மண் ஒரு வரி, சாம்பல் ஒரு வரி. மழையில் நனைந்து சரிந்த மூட்டை அடுக்கு மாதிரி இருந்தது சங்கிலிப்பாண்டிக்கு. மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. காற்று மட்டும் வண்டியைப் பிடித்துத் தள்ளியது.

அதைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். அந்த வெட்டவெளியில் அது ஒன்றுதான் கட்டடம். பெட்ரோல் போட்டுவிட்டு விக்கி ஏறி உட்கார்ந்து போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலிப்பாண்டி அவனுக்கு, வாளையார் செக்போஸ்டில் வத்தல் லாரி மழையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை நல்ல இடத்தில் இருந்தது. அப்போது பாக்கியலக்ஷ்மி சீட்டுக்குப் பின்னால் வந்து குனிந்து, மருமகன் காதில் விழாமல், "ஏங்க, ஒருக்கா உள்ள போயிட்டு வந்துருதேன். வண்டிய எடுத்துராதீங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, "ம், ம்" என்றார். பக்கக் கதவு திறந்து மூடுகிற சத்தமும் அவருக்குக் கேட்டது.

"எல்லாரும் இருக்காங்களா மாமா, எடுக்கட்டுமா?" என்று கேட்டான் விக்கி.

"இருக்காங்க மாப்ள, எடுங்க. அப்ப அந்த லாரி டிரைவர் என்ன செஞ்சாம்னா..."

ஒன்றரை மணி நேரம் போனார்கள். லாரிக் கதை முடிந்து, வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்த கதை முடிந்து, இன்னொரு கதை பாதியில் இருந்தது. மகா மீட்டிங்கை முடித்துவிட்டுப் பின்னால் போனாள். மடக்குக் கதவை இழுத்தாள். பிறகு அந்தச் சின்னக் கதவைத் தட்டினாள். பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"ப்பா, அம்மா எங்க?"

விக்கி வண்டியை ஓரம் கட்டினான். பாக்கியலக்ஷ்மியின் போன் கட்டிலில் கிடந்தது. வைபை இருந்தால் மட்டும் வேலை செய்யும் போன். மூக்குக் கண்ணாடியும் அங்கேதான் இருந்தது. விக்கி அவசர நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல் நிதானமாகக் கேள்வி கேட்டது. வயசு என்ன? ஐம்பத்தேழு. உயரம்? மகா சொன்னாள். என்ன உடுப்பு?

விக்கி மகாவைப் பார்த்தான். பதற்றத்தில் மகாவுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அப்பாவைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். சங்கிலிப்பாண்டி, "சேலை" என்றார். கலர் கேட்டார்கள். "பச்சை" என்றார். ஏன் பச்சை என்று சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்ததாக அந்தக் குரல் கேட்டதை விக்கி தமிழில் கேட்டான். "மாமா, எறங்கிப் போறேன்னு அத்தை யார்கிட்டயாவது சொன்னாங்களான்னு கேக்கறாங்க. உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

அந்த நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. காதருகே வந்த குரல், கதவுச் சத்தம், தான் தூக்கிய கை. மகள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. மருமகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இல்ல மாப்ள. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

கால்மணி நேரத்தில் அந்தக் குரல் திரும்பக் கூப்பிட்டது. பங்க்குக்குப் பேசிவிட்டார்களாம். பச்சைச் சேலையில் யாரும் இல்லையாம். ஆனால் ஒரு இந்திய அம்மாள் இருக்கிறாளாம், கறுப்புப் பேண்ட், மெரூன் ஸ்வெட்டர். மகா வாயைப் பொத்திக்கொண்டாள். "என் ஸ்வெட்டர். காலைல குளிருதுன்னு நான்தான் குடுத்தேன். அம்மா பேண்ட் போட்டதே இன்னைக்குத்தான். உங்ககிட்ட காட்டினாளேப்பா, நல்லாருக்கான்னு."

திரும்பிப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம். அந்த வழி முழுக்கச் சங்கிலிப்பாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. விக்கி அதைக் கவலை என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாது மாமா" என்று இரண்டு தடவை சொன்னான்.

பாக்கியலக்ஷ்மி பங்க் கடைக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஐஸ்கிரீம் எதுவும் இல்லை. கல்லாவில் இருந்த பெரிய உடம்புக்காரி அவளுக்கு முன்னால் காகித நாப்கின் கட்டு ஒன்றை வைத்திருந்தாள். இவள் ஒவ்வொன்றாக மடித்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது.

"சொல்லாம எறங்கலாமாம்மா? சின்னப் பிள்ளையா நீ? ஒருத்தர்ட்ட, ஒரே ஒருத்தர்ட்ட சொல்லிருந்தா இப்படி ஆகுமா?"

பாக்கியலக்ஷ்மி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அவர் விற்பனைக்குக் கூலிங்கிளாஸ்கள் தொங்கிய ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறந்துட்டேன் மகா" என்றாள்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் மகள் முன்னால் போய் நின்று, "எறங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். மகா ஒவ்வொரு தடவையும் "சொல்லிட்டுப் போகணும், தெரியுதா?" என்றாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சங்கிலிப்பாண்டி அதையெல்லாம் கேட்டார். அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை, சண்டை போடவில்லை, தனியாக இருக்கும்போதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஊர் வந்து சேர்ந்து, பஜாரில் முதல் ஆள் "அமெரிக்கா எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டபோது, அந்தக் கதை தானாக வாயில் வந்தது. சிரிப்பாகிவிட்டால் அது சின்னதாகிவிடும் என்று எங்கோ ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீத் வீட்டில் சாப்பாடு. சுள்ளிக்கலில் வீடு. பரீத்தின் தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், வீட்டுக்குள் தமிழ்தான். பரீத்தின் மனைவி லதீஃபாவும் பாக்கியலக்ஷ்மியும் இருபது வருஷச் சிநேகிதிகள். மகள் ஹாதியா களமசேரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நெய்ச்சோறும் மீனும் சாப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கேரவன் கதை ஒண்ணு சொல்லுங்க. ஹாதியா கேட்டதில்ல" என்றார் பரீத்.

"அதெல்லாம் எத்தன தடவ சொல்ல" என்றார் சங்கிலிப்பாண்டி. பாக்கியலக்ஷ்மி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் அதைச் சொன்னதில்லை.

"சும்மா சொல்லுங்க. பஜார் முழுக்கக் கேட்டாச்சு, எங்க வீட்டில மட்டும் இல்ல."

சொன்னார். முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தார். லதீஃபா சிரித்ததும் நாக்கு பழக்கத்துக்கு வந்துவிட்டது. சொல்லாமக் கொள்ளாம என்ற இடம் வந்தது, நூறு மைல் வந்தது, ஐஸ்கிரீம் வந்தது. பரீத் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பாக்கியலக்ஷ்மி தட்டில் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாதியா மட்டும் சிரிக்கவில்லை. "மாமி, நிங்களுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளில் அதை யாரும் கேட்கவில்லை. மகாவும் கேட்கவில்லை.

"இருந்துச்சு" என்றாள் பாக்கியலக்ஷ்மி. "வெளிய வந்து பாத்தா வண்டி நின்ன எடம் காலியா கெடக்கு. ஓரத்துல எங்கயாவது நிறுத்திருப்பாங்கன்னு அந்தக் கட்டடத்த மூணு சுத்து சுத்துனேன். காத்து அப்பிடி அடிக்கி. பெறகு அந்தக் கடைக்காரி வந்து உள்ள கூட்டிட்டுப் போனா. போன் நம்பர் கேட்டா. மகாவோட அமெரிக்கா நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல. எனக்குத் தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம கடை நம்பர். எழுதிக் காட்டினேன். அவ எதையோ தேடிப் பாத்து, முன்னால இந்தியா நம்பரெல்லாம் சேத்து அடிச்சிக் குடுத்தா."

"கடைக்கா சேச்சி?" என்றாள் லதீஃபா.

"இங்க அப்ப ராத்திரி பன்னெண்டரை. கடை பூட்டிருக்கும், எடுக்க ஆள் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் மணி அடிக்குதுல்லா. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தேன். நின்னதும் இன்னொருக்கா அடிக்கச் சொன்னேன். மூணு தடவ அடிச்சா, பாவம்."

பூட்டிய கடைக்குள், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில், கல்லாப் பலகை மேல் அந்தப் போன் மணி அடித்துக்கொண்டிருப்பது சங்கிலிப்பாண்டியின் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் தான் எந்தக் கதையில் இருந்தோம் என்று யோசித்தார். வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்த கதை.

"பின்ன ஏன் மாமி சொல்லாம இறங்கினீங்க?" என்றாள் ஹாதியா.

"மறந்து..." என்று பாக்கியலக்ஷ்மி ஆரம்பித்தாள்.

"மறக்கல" என்றார் சங்கிலிப்பாண்டி. "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. காதுல வந்து சொன்னா. வண்டிய எடுத்துராதீங்கன்னும் சொன்னா. நான்தான் எல்லாரும் இருக்காங்கன்னு சொல்லி எடுக்க வச்சேன். பெறகு கேட்டப்ப, எங்கிட்ட சொல்லலன்னு பொய் சொன்னேன்."

பரீத் சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்துகொண்டார். லதீஃபா எழுந்து, "சோறு இன்னும் கொஞ்சம்..." என்று சட்டியைத் தூக்கினாள். யாரும் தட்டை நீட்டவில்லை. ஹாதியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில், சொல்லிவிட்டதால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தார். பாக்கியலக்ஷ்மியும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று ஒரு எதிர்பார்ப்பு. வீட்டுக்கு வந்து சேலை மாற்றிவிட்டு வந்தவள், எதிரில் நின்று சொன்னாள்.

"அங்க வச்சி ஏன் சொன்னீங்க? பரீத் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? எம்மவள்லா என்னைய ஏசினா. அவகிட்ட சொல்ல ஒங்களுக்கு வாய் வரல."



ஆறு மணிக்கு மகாவுக்குப் போன் அடித்தார். அங்கே காலை ஏழரை. வீடியோவில் அடிக்கவில்லை, முகத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை. ஆயிரம் கதை சொல்லிய வாய்க்கு இதைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னார்.



"ரெண்டு நாள்ப்பா" என்றாள் மகா. "ரெண்டு நாள் அம்மா ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து எறங்கட்டுமான்னு கேட்டா. நீங்க முன்னால உக்காந்திருந்தீங்க."

"ஆமா மகா."

"விக்கி அன்னைக்கே சொன்னான், மாமா எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னாருன்னு. பாவம், கவனிக்காமச் சொல்லிட்டாருன்னு நான்தான் சொன்னேன். நான் அம்மாவத்தான் ஏசினேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"போதும்ப்பா. அம்மாகிட்ட குடுங்க."

பாக்கியலக்ஷ்மி போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவர் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் குரல் தணிந்து கேட்டது, இடையில் ஒருமுறை சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் அவள் பேசி அவர் கேட்டதில்லை. இப்போதும் என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, சத்தம் மட்டும்தான்.

திங்கட்கிழமை சாயாக்கடையில் சுதீர், "அண்ணாச்சி, நம்மட ஷங்கர் ஊரிலேர்ந்து வந்திருக்கான், அந்தக் கேரவன் கதை..." என்று தொடங்கினான். சங்கிலிப்பாண்டி கதையைச் சொன்னார். நடந்த மாதிரியே சொன்னார். நாலு வரியில் முடிந்துவிட்டது. சிரிப்பதற்கென்று வந்த ஷங்கர் என்ன செய்வதென்று தெரியாமல் சாயாவைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டான். அதன் பிறகு அந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. பரீத் பெஞ்சுக்கு வருவது குறையவில்லை, ஆனால் அரிசி விலையைத்தான் பேசினார்.

மகா இப்போதெல்லாம் அம்மாவின் போனுக்குத்தான் அடிக்கிறாள். "அப்பா நல்லாருக்காங்களா?" என்று கேட்பாள், அது அவர் காதில் விழும். "நல்லாருக்காங்க" என்று இவள் சொல்வாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவர் கேட்டார். பல நாளாக மனசில் வைத்திருந்த கேள்வி.

"அந்தப் பங்க்ல இருந்து கடைக்குப் போட்டியே. எம்மேல உள்ள நெனப்புலயா போட்ட?"

பாக்கியலக்ஷ்மி ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள், கோபம் எதுவும் இல்லை.

"வேற நம்பர் தெரியாதுங்க" என்றாள். "இப்ப மகா நம்பர் மனப்பாடம் பண்ணிட்டேன்."

அவர் தலையாட்டினார். அவள் அந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கடைசி எண் வரைக்கும் கேட்டார்.